கடைசித் தவணை என்று நான் குறித்து வைத்த தேதி

2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் கைப்பேசி நாட்காட்டியில் ஜூன் 28-ஆம் தேதிக்கு நேரே "கடைசித் தவணை" என்று குறித்து வைத்தேன். என் மகளுக்கு அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் 18 வயது நிறைந்திருந்தது. ஜூன் மூன்றாம் வாரத்தில் அவளுடைய உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் முடியவிருந்தது. மணமுறிவுக்குப் பின் ஏழு ஆண்டுகளாக மாதம் தவறாமல் அவளுடைய தாயின் வங்கிக் கணக்குக்கு நான் அனுப்பி வந்த 1,350 டாலர் பராமரிப்புத் தொகை அந்தத் தவணையோடு முடிந்துவிடும் என்று நான் முழுமையாக நம்பினேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை தவறு என்பதை ஒரு நீதிமன்ற உத்தரவின் வழியாகவும், அதைவிடக் கடுமையாக என் மகளின் வாய்மொழியாகவும் நான் அறிய நேர்ந்தது. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் மணமுறிவைப் பற்றியே வெளியில் பேசுவதில்லை என்பதால், அதற்குப் பின் பல ஆண்டுகள் தொடரும் இக்கடமையைப் பற்றி அவர்களுக்குச் சொல்வார் யாரும் இல்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் மணமுறிவு 2012-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. மகள் தாயுடன் அங்கேயே தங்கினாள். 2016-இல் வேலை காரணமாக நான் டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறினேன். இங்கே "சைல்டு சப்போர்ட்" என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தொகை, பெரும்பாலான குடும்பங்களில் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டு, மாநிலத்தின் ப்ரொபேஷன் பிரிவு வழியாக மற்றப் பெற்றோரைச் சென்றடையும். நாங்களோ ஒருவரை ஒருவர் அந்த அளவுக்காவது நம்பியதால், நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்புவது என்று உடன்படிக்கையில் எழுதிக்கொண்டோம். அந்த ஏற்பாடு நல்லெண்ணத்தில் பிறந்தது. இருந்தாலும் அதில் ஒரு குறை இருந்ததைப் பின்னரே அறிந்தேன்: பணம் அரசுப் பிரிவின் வழியாகச் செல்லாதபோது, அது எப்போது முடிகிறது, எப்போது தொடர்கிறது என்பதை நினைவூட்டும் அறிவிப்பு எதுவும் வராது.

என் தவறான நம்பிக்கைக்கு மூன்று வேர்கள் இருந்தன. முதலாவது ஊரிலிருந்து வந்தது. தஞ்சாவூரில் இருக்கும் என் அக்கா, "18 முடிஞ்சா மேஜர், அதுக்கப்புறம் சட்டம் கேக்காது" என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், பராமரிப்பு பற்றிய 125-ஆம் பிரிவை மனதில் வைத்து ஊரில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் இந்தியாவிலும் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மீது வைக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும், வயது வந்த திருமணமாகாத மகள் அந்தப் பிரிவின் கீழ் உரிமை கோரலாம் என்று கூறியுள்ளது. அக்காவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் சட்டத்தைப் பற்றிப் பாதி நினைவில் இருப்பதை வைத்து இன்னொரு நாட்டில் முடிவெடுத்தவன் நான்தான்.

இரண்டாவது வேர் பென்சில்வேனியா. அங்கே பிள்ளைக்கு 18 வயது நிறைவது, உயர்நிலைப் பள்ளியை முடிப்பது ஆகிய இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதனோடு பராமரிப்புக் கடமை பொதுவாக முடிகிறது. மணமுறிவு பெற்ற பெற்றோரைக் கல்லூரிச் செலவுக்குப் பணம் தருமாறு நீதிமன்றங்கள் உத்தரவிட வழிவகுத்த சட்டம் ஒன்று அங்கே இருந்தது. 1995-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி நீக்கியது. என்னுடன் பணிபுரிந்த ஒருவர் தம் மகனுக்கு அப்படித்தான் முடிந்தது என்று சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவருடைய உத்தரவு பென்சில்வேனியாவில் பிறந்தது, என்னுடையது நியூ ஜெர்சியில் பிறந்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பராமரிப்பு உத்தரவுகளுக்காக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே சீரான சட்டம் ஒன்று உண்டு. அதன்படி, கடமை எத்தனை காலம் நீடிக்கும் என்பதை உத்தரவைப் பிறப்பித்த மாநிலத்தின் சட்டமே தீர்மானிக்கிறது. பணம் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறார் என்பது அதை மாற்றாது. இந்த ஒரு செய்தியை 2019-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

மூன்றாவது வேர் எங்கள் உடன்படிக்கையிலேயே இருந்த ஒரு சொல். மகள் "எமான்சிபேட்" ஆகும் வரை பராமரிப்புத் தொகை தொடரும் என்று அதில் எழுதியிருந்தது. எமான்சிபேஷன் என்றால் பெற்றோரின் பொறுப்பிலிருந்து பிள்ளை சட்டப்படி விடுபடுதல். அது வயது வருதலுக்கு இன்னொரு பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். நியூ ஜெர்சியில் அப்படி இல்லை. 18 வயது நிறைவது, பிள்ளை விடுபட்டுவிட்டதற்கு முதல் தோற்றத்தில் ஒரு சான்று, அவ்வளவே. அது முடிவான சான்று அல்ல. பிள்ளை இன்னும் பெற்றோரைச் சார்ந்தே வாழ்கிறது, படிக்கிறது, தனக்கென்று ஒரு வாழ்க்கையை இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை என்று காட்டினால் அந்தச் சான்று நிற்காது. இதற்கு மேல், 2017 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, பராமரிப்புக் கடமை 19 வயதில் தானாக முடியும் என்று வகுத்தது. அதிலும் விலக்குகள் உண்டு. பிள்ளை அப்போதும் உயர்நிலைப் பள்ளியில் படித்தால், அல்லது கல்லூரியிலோ தொழிற்கல்வியிலோ முழுநேர மாணவராக இருந்தால், அல்லது அரசு அமைப்பு ஒன்று உறுதிசெய்த உடல், மனக் குறைபாடு 19 வயதுக்கு முன்பே இருந்தால், 23 வயது வரை தொடரலாம். உடன்படிக்கையிலோ உத்தரவிலோ வேறொரு முடிவுத் தேதி எழுதப்பட்டிருந்தால், அது 23-ஐத் தாண்டாதவரை அந்தத் தேதியே செல்லும். திருமணம் செய்துகொண்டாலோ இராணுவத்தில் சேர்ந்தாலோ கடமை முன்னதாகவே முடிந்துவிடும்.

ஆக, 18 என்ற எண்ணுக்கு என் உத்தரவில் இடமே இல்லை. நானோ ஜூலை முதல் பணம் அனுப்புவதை நிறுத்தினேன். மகளின் தாய் முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், பிறகு அவருடைய வழக்கறிஞர் ஒரு கடிதம் அனுப்பினார். இரண்டுக்கும் பென்சில்வேனியாவின் சட்டத்தை மேற்கோள் காட்டி நான் கோபமாகப் பதில் எழுதினேன். நவம்பரில் உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனு தாக்கலாயிற்று. 2020 ஜனவரியில் விசாரணை நடந்தது. அந்த ஆறு மாத நிலுவையான 8,100 டாலரையும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணத்தில் ஒரு பகுதியையும் நான் கட்ட வேண்டும் என்றும், இனிமேல் தொகை என் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டு ப்ரொபேஷன் பிரிவின் வழியாகச் செல்ல வேண்டும் என்றும், மகள் முழுநேரம் படிக்கும் வரையில் கடமை 19 வயதுக்கு அப்பாலும் தொடரும் என்றும் உத்தரவாயிற்று.

இங்கே ஒரு நுணுக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணத்தை அதிகம் இழக்க வைப்பது இதுதான். 2019 செப்டம்பரிலேயே என் மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டாள். விடுதிக் கட்டணத்திலும் உணவுத் திட்டத்திலும் என் பங்கைத் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வளரும் பிள்ளைக்காகக் கணக்கிட்ட 1,350 டாலரை அந்த மாதங்களுக்கும் முழுமையாகக் கட்ட வேண்டுமா என்று என் வழக்கறிஞரிடம் கேட்டேன். கட்டத்தான் வேண்டும் என்றார் அவர். நிலுவையான ஒவ்வொரு தவணையும் அது செலுத்தப்பட வேண்டிய நாளிலேயே ஒரு தீர்ப்புக்கு இணையாகிவிடுகிறது. பிராட்லி திருத்தம் என்று அழைக்கப்படும் 1986-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டமும், அதையொட்டிய நியூ ஜெர்சிச் சட்டமும், மாற்றம் கோரும் மனு நிலுவையில் இல்லாத காலத்துக்குரிய தொகையைப் பின்னோக்கிக் குறைக்க நீதிபதியை அனுமதிப்பதில்லை. செப்டம்பரில் ஒரு மனுவைத் தாக்கல் செய்திருந்தால் செப்டம்பரிலிருந்து குறைத்திருக்கலாம். நான் அதைச் செய்யாமல், பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே என் வாதம் என்று எண்ணி இருந்துவிட்டேன். பிள்ளை உண்மையிலேயே சட்டப்படி விடுபட்டுவிட்டிருந்தால், அந்த நாளிலிருந்து கடமை முடிந்ததாகப் பின்தேதியிட்டு அறிவிக்க நீதிமன்றத்துக்கு வழி உண்டு. ஆனால் விடுதியில் தங்கிப் படிப்பது விடுபடுதல் ஆகாது. இதைப் படிக்கும் எவருக்கேனும் சூழ்நிலை மாறினால், வேலை போனாலும் பிள்ளை இடம் மாறினாலும், முதலில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள், வாதங்களைப் பிறகு தயாரித்துக்கொள்ளலாம். தாக்கல் செய்த தேதியே பின்னர் உங்களுக்குத் துணை நிற்கும்.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு அச்சமும் இருந்தது. ஊரில் என் தந்தையின் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. நானோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். பராமரிப்பு நிலுவை 2,500 டாலரைத் தாண்டி, மாநில அரசு அதைக் கூட்டரசுக்கு உறுதிசெய்து அனுப்பினால், பாஸ்போர்ட் வழங்குவதையும் புதுப்பிப்பதையும் மறுக்கலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். கணக்கு அரசுப் பிரிவுக்கு மாறியதும், நிலுவைத் தொகை முழுவதையும் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்து ஒரே தவணையில் கட்டினேன்.

தொகையை மாற்றக் கோரும் மனுவை, நிலுவையைக் கட்டிய அதே மாதத்தில் தாக்கல் செய்தேன். நியூ ஜெர்சியில் பெற்றோர் இருவரின் வருமானத்தையும் வைத்துத் தொகையைக் கணக்கிடும் வழிகாட்டி அட்டவணை ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் சென்று வரும் பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அட்டவணை பொருந்தாது என்று 2012-இல் மேல்முறையீட்டு அமர்வு ஒன்று தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உண்மையான செலவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். விடுமுறைகளில் தங்குவதற்காகத் தாய் வைத்திருக்கும் அறை, காப்பீடு, கைப்பேசி, உடை, பயணம், உணவுத் திட்டத்தில் அடங்காத சாப்பாடு ஆகியவற்றை எல்லாம் வரிவரியாக எழுதினோம். தொகை 800 டாலராக முடிவாயிற்று. பிள்ளை விடுதியில் இருப்பதால் தாய்க்குச் செலவே இல்லை என்று சொல்லும் தந்தைமார்களை இன்றும் சந்திக்கிறேன். அந்தப் பட்டியலை எழுதி முடித்த மாலையில், என் மகளுக்காக அவளுடைய தாய் எந்தெந்தச் செலவுகளை என்னிடம் கேட்காமலே செய்து வந்திருக்கிறார் என்பதை முதன்முறையாகக் கண்டேன்.

கல்லூரிக் கட்டணம் தனிக் கேள்வி. பராமரிப்புத் தொகையும் கல்லூரிச் செலவில் பங்கும் ஒன்றல்ல. ஒன்றைக் கொடுப்பதால் மற்றொன்று தீர்ந்துவிடாது. 1982-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் 12 காரணிகள் பட்டியலிடப்பட்டன. அவற்றை அந்த வழக்கின் பெயரால் இங்குள்ள வழக்கறிஞர்கள் இன்றும் "நியூபர்க் காரணிகள்" என்றே சொல்கிறார்கள். பெற்றோர் பிரியாமல் இருந்திருந்தால் இந்தச் செலவை ஏற்றிருப்பார்களா, அவர்களுடைய பின்னணி எத்தகையது, கேட்கப்படும் தொகை எவ்வளவு, கொடுக்க வல்லமை உண்டா, பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமும் திறமையும் உண்டா, பிள்ளை பகுதிநேரமோ விடுமுறையிலோ சம்பாதிக்க முடியுமா, உதவித்தொகையும் கடனும் கிடைக்குமா, பணம் கொடுக்கும் பெற்றோருடன் பிள்ளைக்கு உறவு எப்படி இருக்கிறது என்றெல்லாம் அவை கேட்கின்றன. முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னிடம் பொய்யான பதில் இல்லை. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் தந்தை, நகைகளை அடகு வைத்து என்னைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார். பிரியாமல் இருந்திருந்தால் என் மகளை நான் படிக்க வைத்திருக்க மாட்டேன் என்று எந்த முகத்தோடு நீதிபதியிடம் சொல்வது? அந்தக் கேள்வியில் என் எதிர்ப்பெல்லாம் அடங்கிவிட்டது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் செலவாகும் மாநிலப் பல்கலைக்கழகம் அது. முதலில் உதவித்தொகை, அடுத்து மகள் பெயரில் கூட்டரசு மாணவர் கடன், அதாவது முதலாண்டில் அதன் உச்சவரம்பான 5,500 டாலர், மீதியை எங்கள் வருமான விகிதப்படி 58-க்கு 42 என்று பங்கிட்டுக்கொண்டோம். கூட்டரசின் மாணவர் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் அந்நாளில் பிள்ளை அதிக நாள் யாருடன் வாழ்ந்ததோ அந்தப் பெற்றோரின் விவரத்தைத்தான் கேட்டார்கள். 2024-25 கல்வியாண்டு முதல், முந்தைய 12 மாதங்களில் பிள்ளைக்கு அதிகப் பண உதவி செய்த பெற்றோர் யார் என்று பார்க்கிறார்கள். மணமுறிவு பெற்றவர்கள் இந்த மாற்றத்தைப் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கல்லூரி என்பதைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் எனக்கு இடமளிக்கப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் 17 வயதில் அவள் கல்லூரிகளைப் பார்க்கச் சென்ற வாரயிறுதிகளில், உடன் வருகிறேன் என்று நானும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பங்கைக் கேட்கும் பெற்றோர் செலவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் முக்கியமாகக் கருதுகின்றன. அதைப் போலவே பங்கைக் கொடுக்கப்போகும் பெற்றோரும் முன்பே பேச்சில் இறங்க வேண்டும் என்பது என் கருத்து.

2020 மார்ச் மாதம் அவளுக்கு 19 நிறைந்த இரண்டாம் வாரத்தில் பெருந்தொற்றால் விடுதிகள் மூடப்பட்டன. ஒரு பெட்டியோடு தாயின் வீட்டுக்குத் திரும்பினாள். இம்முறை நான் மனுவுக்குக் காத்திருக்கவில்லை. விடுதியில் இருக்கும் மாதங்களுக்கு 800, வீட்டிலிருந்து படிக்கும் மாதங்களுக்கு 1,350 என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டு எழுதி, நீதிபதியின் கையொப்பத்துக்கு அனுப்பினோம். வாய்மொழியாகவும் குறுஞ்செய்தியிலும் ஒப்புக்கொண்ட எதையும் ப்ரொபேஷன் பிரிவின் கணினி அறியாது. உத்தரவில் இருப்பதே அதற்குத் தெரிந்த தொகை. மனம் ஒத்த வேளையிலும் காகிதத்தில் எழுதுவது அவநம்பிக்கை ஆகாது என்பதை அப்போது கற்றேன்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவள் படிப்பை ஒரு கல்விப் பருவம் (செமஸ்டர்) நிறுத்திவைத்தாள். கணினித் திரையின் வழியாக ஆய்வகப் பாடங்களைப் படிப்பதில் பயனில்லை என்று சொல்லி, எடிசன் நகரில் ஒரு மருந்துக் கிடங்கில் வாரம் 40 மணி நேரம் வேலைக்குச் சேர்ந்தாள். மாணவி அல்ல, முழுநேரச் சம்பளம், வயது 19: இப்போதாவது எமான்சிபேஷன் நிகழ்ந்துவிட்டது என்று எனக்குள் பழைய எண்ணம் தலைதூக்கியது. வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் என் எதிரில் விரல்களை மடக்கி எண்ணினார்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. ஓர் ஆண்டில் ஏதேனும் ஐந்து மாதங்களில், ஒவ்வொரு மாதத்திலும் சில நாட்களாவது முழுநேர மாணவராகப் பதிவு பெற்றிருந்தால் போதும் என்பதே சட்டத்தின் அளவுகோல். அவள் அந்த ஆண்டின் முதல் பருவத்தை முடித்திருந்தாள். 2020-ஆம் ஆண்டுக்கு அந்த அளவுகோலில் அவள் முழுநேர மாணவிதான். வருமான வரியில் 19 முதல் 23 வயது வரையிலான பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டுவதற்கும் இதே ஐந்து மாதக் கணக்குதான். இதற்கு அப்பால், அவள் தாயின் வீட்டில்தான் தங்கியிருந்தாள், ஜனவரியில் திரும்பச் சேர்வதற்கான கடிதம் அவளிடம் இருந்தது. ஒரு பருவ இடைவெளியைக் காட்டி, பெற்றோரின் பொறுப்புக்கு வெளியே தனக்கென வாழ்க்கை அமைத்துக்கொண்டாள் என்று சொல்வது கடினம் என்றார் வழக்கறிஞர். எனவே சமரசமாகப் பேசி, அந்த நான்கு மாதங்களுக்குப் பாதித் தொகை தாய்க்கும், மறுபாதி அடுத்த பருவக் கட்டணத்துக்கான கணக்குக்கும் செல்லும் என்று எழுதிக்கொண்டோம்.

அவள் படிக்கிறாளா என்பதை அறிவது எப்படி என்ற சிக்கலும் இருந்தது. 18 வயதானதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், கல்விப் பதிவேடுகளின் மீதான உரிமை மாணவரிடமே சென்றுவிடுகிறது. கட்டணத்தில் பாதிக்கு மேல் நான் கட்டினாலும், அவளுடைய அனுமதி இல்லாமல் கல்லூரி எனக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் இதைத் தாயிடம் கேட்டுக் கேட்டுச் சண்டையிட்டேன். பிறகே மகளிடம் நேரடியாகக் கேட்டேன். ஒவ்வொரு பருவம் தொடங்கி 30 நாட்களுக்குள் பதிவுச் சான்றையும், முடிந்ததும் மதிப்பெண் பட்டியலையும் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அவளே அனுப்பிவிடுவதாக ஏற்றுக்கொண்டாள். அதையும் உத்தரவில் சேர்த்தோம். இப்போது யாராவது கேட்டால், இந்த ஒரு வரியை முதல் உடன்படிக்கையிலேயே எழுதச் சொல்கிறேன். வருமான வரிக்கான ஏற்பாட்டையும் அதே இடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளை யாருடன் வாழ்கிறதோ அந்தப் பெற்றோர் 8332-ஆம் எண் படிவத்தில் கையொப்பமிட்டுத் தந்தால்தான் மற்றவர் பிள்ளையைத் தம் கணக்கில் காட்ட முடியும், ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கிடைக்கக்கூடிய கல்லூரி வரிச்சலுகையும் அந்தக் கணக்கோடுதான் போகும்.

2021 கோடையில் ஒரு மாலை, அவளைக் கிடங்கிலிருந்து காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். படிப்பைத் தொடர்ந்தாலும் கோடை விடுமுறையில் அங்கேயே வேலை செய்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், "அப்பா, நான் பள்ளியில் கடைசி மாதம் படிக்கும்போது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பாட்டு மாற்ற உங்கள் கைப்பேசியை எடுத்தேன். அதில் 'கடைசித் தவணை' என்று இருந்தது" என்றாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தச் சொற்களை அவள் கார் கடன் என்றோ வீட்டுக் கடன் என்றோ நினைத்திருக்கலாம். ஆனால் ஜூலையில் அம்மா ஒரு புதிய மடிக்கணினி வாங்குவதைத் தள்ளிப்போட்டபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் பருவத்திலேயே நூலகத்தில் வாரம் 15 மணி நேர வேலை எடுத்துக்கொண்டது அதனால்தான் என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவளிடம் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

பராமரிப்புத் தொகை தாய்க்குக் கொடுக்கும் பணம் என்று எனக்குள் பதிந்திருந்தது. அது பிள்ளையின் உரிமை. தாயும் தந்தையும் தங்களுக்குள் பேசி அதை விட்டுக்கொடுத்துவிடக்கூட முடியாது என்பதை நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அண்மையில் கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு நண்பர், தம் 16 வயது மகன் கோபத்தில் எமான்சிபேஷன் கேட்கப்போவதாகச் சொல்கிறான் என்று கலங்கி அழைத்தார். அது வேறு விஷயம். அம்மாநிலத்தில் 14 வயது நிறைந்தவர், பெற்றோரின் இசைவோடு தனியே வாழ்ந்து, தம் வரவு செலவைத் தாமே நடத்தி, சட்டத்துக்கு உட்பட்ட வருமானமும் உடையவராக இருந்தால் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வீட்டில் சாப்பிட்டு வீட்டிலேயே தூங்கும் பிள்ளைக்கு அது கிடைக்காது. மகன் என்ன சொல்ல வருகிறான் என்று முதலில் கேளுங்கள், வழக்கறிஞர் பிறகு என்றேன்.

என் மகள் 2023 டிசம்பரில் பட்டம் பெற்றாள். ஜனவரியில் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்து, இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள். மார்ச்சில் 23 நிறையும்போது கடமை தானாகவே முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே நாங்கள் இருவரும், 2024 ஜனவரி 1 முதல் அவள் சட்டப்படி விடுபட்டுவிட்டாள் என்ற ஒப்புதல் உத்தரவை எழுதி அனுப்பினோம். நிலுவை எதுவும் இல்லை என்று ப்ரொபேஷன் பிரிவின் கணக்கு அறிக்கையில் பார்த்து உறுதிசெய்த பிறகே கையெழுத்திட்டேன். நிலுவை இருந்திருந்தால், நடப்புக் கடமை முடிந்தாலும் அது தீரும் வரை பிடித்தம் தொடரும். பிடித்தத்தை நிறுத்தச் சொல்லும் ஆணை என் நிறுவனத்தின் சம்பளப் பிரிவைச் சேர்வதற்குள் ஒருமுறை கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள், அது சில வாரங்களில் திரும்பி வந்தது. சம்பளப் பிரிவுக்கு ஆணை சென்றதா என்று நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஒப்பந்த வேலை என்பதால் அவளுடைய நிறுவனம் மருத்துவக் காப்பீடு தரவில்லை. பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளை 26 வயது வரை இருக்கலாம் என்று கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது, பெற்றோரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 2027 மார்ச் வரை அவள் பெயர் என் காப்பீட்டில் இருக்கட்டும் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். என் சம்பளச் சீட்டில் அவளுக்காக இப்போது பிடிக்கப்படுவது அந்த ஒரு தொகைதான்.